உடைத்ததும் ஒட்டியதும்: பின்போல் மெசினின் பழைய சாமான் வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கொம்பியூட்டரில் கை வைத்துப் பழகிய தலைமுறைக்கு பின்போல் எண்டால் 'ஸ்பேஸ் கடெட்' தான். நீலமும் ஊதாவுமாக ஒரு மேசை, கீழே இரண்டு சின்னக் கைகள், மேலேயிருந்து உருண்டு வரும் ஒரு வெள்ளிப் பந்து. அந்த விளையாட்டு திரையில் பிறந்தது அல்ல. மரப்பெட்டி, கண்ணாடி, உருக்குப் பந்து, செம்புக் கம்பிச் சுருள் எல்லாம் சேர்ந்த ஒரு கனமான மெசினைப் பார்த்துச் செய்த நகல் அது.

அந்த அசல் மெசினை இன்று வீட்டில், தங்கள் கையால், பழைய மெசின்களிலிருந்து கழற்றிய பாகங்களை வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவில்; ஐரோப்பாவிலும் சிலர். முதலில் பார்க்கும்போது இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் அவர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று தேடிப் படிக்கப் படிக்க, இது ஒரு வரலாற்று விடயம் என்று எங்களுக்குப் பட்டது. ஏனெண்டால் பின்போல் மெசின் தொடக்கத்திலிருந்தே பழைய சாமானிலிருந்து பிறந்து, பழைய சாமானால் உயிர்பிழைத்த ஒன்று. அதை உடைத்தவர்களும் உண்டு, உடைந்ததை எடுத்து ஒட்டியவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை இந்த இரண்டு பேரையும் பற்றியது.

ஆணியும் போளையும்

கதை பிரான்சில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் பணக்கார வீடுகளில் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுருக்கி, ஒரு முனையில் குழிகளும் குச்சிகளும் வைத்து விளையாடினார்கள். 'பகட்டெல்' என்பது அதன் பெயர். அந்தச் சொல்லுக்கு 'அற்பமான சின்னச் சாமான்' என்று பொருள். விழுந்த குச்சிகளை ஒவ்வொரு தடவையும் நிமிர்த்தி வைப்பது கரைச்சலாக இருந்ததால், பிறகு பலகையில் நிலையாக ஆணி அடித்துவிட்டார்கள். பின்போலின் 'பின்' அந்த ஆணிதான்.

1871இல் மொன்டேகு ரெட்கிரேவ் என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். இங்கிலாந்திலிருந்து போய் ஒகாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் குடியேறியவர். அவர் செய்தது பெரிய கண்டுபிடிப்புப் போலத் தெரியாது: கோலால் பந்தைத் தட்டுவதற்குப் பதிலாக, சுருள்வில் பூட்டிய ஒரு தண்டை இழுத்து விடுவது, பெரிய பந்துக்குப் பதிலாகச் சின்னப் போளை. ஆனால் இந்த இரண்டு மாற்றத்தாலும் விளையாட்டு கடை மேசைமேல் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது.

பிறகு 1931. அமெரிக்கா பெருமந்தத்தில் கிடந்த காலம். வேலையில்லை, காசில்லை. சிக்காகோவில் டேவிட் கொட்லீப் 'பஃபிள் போல்' என்ற மேசைமேல் மெசினை வெளியிட்டார். ஒரு சதம் போட்டால் சில பந்துகள். விலை 17.50 டொலர், 50,000க்கு மேல் விற்றது. கேட்ட அளவுக்குக் கொட்லீப்பால் செய்துகொடுக்க முடியவில்லை. அவருடைய மெசினை வாங்கி விற்றுக்கொண்டிருந்த ரேமண்ட் மொலோனி பொறுமையிழந்து 'பாலிஹூ' என்ற பெயரில் தானே ஒன்றைச் செய்தார். அதுவும் அதே அளவுக்கு ஓடியது. 'பாலி' என்ற பெரிய கம்பனியின் பெயர் அங்கிருந்து வந்தது.

அப்போதைய மெசினில் மின்சாரம் இல்லை, கீழே கைகளும் இல்லை. இழுத்து விட்டால் பந்து ஆணிகளில் பட்டுப் பட்டு எங்கேயாவது விழும். அவ்வளவுதான். பிற்காலத்தில் இந்த விளையாட்டு சட்டத்தோடு மோதியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி.

பலகையை மட்டும் மாற்றியவர்

வீட்டில் மெசின் செய்கிறவர்களுக்கு ஒரு முன்னோடியைச் சொல்லச் சொன்னால் நாங்கள் ஹரி வில்லியம்ஸைத்தான் சொல்லுவம். 1930களின் தொடக்கத்தில் அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்தார். மெசின்கள் கொஞ்ச நாளில் சனத்துக்கு அலுத்துவிடும். கடைக்காரர் புதிது கேட்பார். பழையதை யாரும் தேடமாட்டார்கள். வில்லியம்ஸ் அந்தப் பழையதை வாங்கினார். பெட்டி நல்லாத்தான் இருக்கிறது, கால் நல்லாத்தான் இருக்கிறது, கண்ணாடியும் நல்லாத்தான் இருக்கிறது. அலுத்துப்போனது உள்ளே இருக்கிற பலகை மட்டும்தானே? புதிதாக ஒரு பலகையை வடிவமைத்து அதே பெட்டிக்குள் வைத்தார். புது மெசினின் விலையில் ஒரு பங்குக்கு, கடைக்காரருக்குப் புது விளையாட்டு.

பின்போலின் இரண்டு பெரிய யோசனைகள் இவருடையவை. ஒன்று, மின்சாரம். 1933இல் அவர் செய்த 'கொன்டாக்ட்' மெசினில் பந்து ஒரு குழிக்குள் விழுந்தால், மின்கலத்தில் ஓடும் ஒரு கொயில் அதைத் திருப்பி வெளியே தட்டிவிடும். மணியும் அடிக்கும். பந்து விழுந்தால் முடிந்தது என்ற விதி அங்கே உடைந்தது.

மற்றது 'டில்ட்'. விளையாடுகிறவர்கள் மெசினின் அடியில் கையால் குத்தி ஏமாற்றுவதைக் கண்டவர், முதலில் அடிப்பக்கத்தில் ஆணிகளை அடித்து வைத்தார். குத்தினால் கை கிழியும். இது சரிவராது என்று அவருக்கே விளங்கியதால், ஒரு சின்னத் தண்டின் மேல் பந்தொன்றை வைத்தார். மெசினை அசைத்தால் அந்தப் பந்து விழும், விளையாட்டு முடியும். பிறகு அது தொங்கும் ஊசலாக மாறியது. கம்பியில் தொங்கும் ஒரு எடை, அதைச் சுற்றி ஒரு உலோக வளையம். அளவுக்கு மிஞ்சி ஆட்டினால் இரண்டும் முட்டும், மின்சுற்று பூர்த்தியாகும். 90 வருடம் கழிந்தும் அடிப்படையில் இதே சாமான்தான் பாவனையில் இருக்கிறது.

1942: இரண்டு நகரங்கள்

நியூயோர்க் மேயர் பியோரெல்லோ லா கார்டியாவுக்கு பின்போலைக் கண்ணிலும் காட்டக்கூடாது. அது சூதாட்டம், குற்றக்கும்பல்களின் வருமானம், பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசைப் பறிக்கிற மெசின் என்பது அவர் வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. சில மெசின்கள் உண்மையிலேயே காசு கொடுத்தன; தொழிலுக்குள் கள்ளக்கூட்டங்களும் இருந்தன. ஆனால் தடை எல்லா மெசின் மேலும் விழுந்தது.

1942 ஜனவரியில் நகரம் முழுக்கப் பொலிஸ் தேடுதல் நடத்தியது. ஆயிரக்கணக்கான மெசின்களை அள்ளிக்கொண்டு போனார்கள். லா கார்டியா சம்மட்டியோடு நின்று மெசினை உடைப்பதும் சாய்ப்பதும் பத்திரிகைகளில் படமாக வந்தது. பேர்ல் ஹாபர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். மெசினிலிருந்த உலோகம் யுத்தத்துக்குப் போனது. மரக்கால்களைப் பொலிஸாரின் தடிகளாகச் செதுக்கிக் கொடுத்தார்கள். இந்தக் கடைசி விபரத்தை நாங்கள் இரண்டு தடவை வாசித்தோம். விளையாட்டுச் சாமானின் கால் அடிக்கிற தடியாக மாறியது. அதுவும் ஒரு வகை மறுபாவனைதான்.

அதே வருடம் சிக்காகோவில் வேறொன்று நடந்தது. மெசின் செய்கிற கம்பனிகள் அனேகம் அங்கேதான் இருந்தன. யுத்தத்துக்காக உலோகமும் தொழிற்சாலைகளும் தேவைப்பட்டதால் புது விளையாட்டு மெசின் செய்வதை அரசு நிறுத்தியது. பெரிய கம்பனிகள் இராணுவத்துக்குரிய சாமான் செய்யப் போய்விட்டன. ஆனால் விடுமுறையில் வந்த சிப்பாய்க்கும் யுத்த ஆலையில் இரவு வேலை செய்தவருக்கும் விளையாட ஏதாவது வேணும். புதிது செய்ய முடியாது. அப்ப என்ன செய்வது?

ஹரி வில்லியம்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் செய்ததையே இப்போது ஒரு தொழிலாகச் செய்தார்கள். அவரும் லின் டுராண்ட் என்பவரும் 1942இல் 'யுனைடெட்' என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். பழைய மெசின்களை எடுத்து, பலகையை மாற்றி, பின்கண்ணாடிக்குப் புதுப்படம் போட்டு, புதுப்பெயர் வைத்து விற்றார்கள். அடுத்த வருடம் வில்லியம்ஸ் தன் பெயரிலேயே ஒரு கம்பனி தொடங்கினார். பின்போல் வரலாற்றிலேயே பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்த கம்பனி அது. புதிது செய்ய வழியில்லாத ஒரு காலத்தில், பழைய சாமான் வேலையின் நடுவில் பிறந்தது.

இதைச் சும்மா வீரக்கதையாக்கவும் முடியாது. அந்த மாற்றிச் செய்த மெசின்கள் பலவற்றில் யுத்தப் பிரசாரம்தான் படம். ஜப்பானியரை மனிதராகவே காட்டாத கேலிச்சித்திரங்கள், பந்தால் அடித்து விழுத்தும் இலக்குகளாக வந்தன. இன்னொன்றும் உண்டு. புதுப்படம் ஏறிய ஒவ்வொரு மெசினிலும் ஒரு பழைய மெசின் அழிந்தது. 1930களின் வடிவமைப்பாளர்கள் செய்த பலகைகள் அப்படித்தான் காணாமல் போயின. மீட்டெடுப்பது எண்டால் எப்போதும் காப்பாற்றுவது அல்ல. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுப்பது.

கைகள் முளைத்தன

1947இல் கொட்லீப் கம்பனியின் ஹரி மப்ஸ் 'ஹம்ப்டி டம்ப்டி' மெசினை வடிவமைத்தார். அதில் மின்சாரத்தில் இயங்கும் ஆறு சின்னக் கைகள் இருந்தன. இவைதான் பிளிப்பர்கள். அடுத்த வருடம் ஜென்கோ கம்பனியின் ஸ்டீவ் கோர்டெக் 'டிரிப்பிள் அக்சன்' மெசினில் ஆறு தேவையில்லை, கீழே இரண்டு போதும் என்று காட்டினார்.

பிளிப்பர் வந்தவுடன் அது இல்லாத மெசின் எல்லாம் ஒரே இரவில் கிழடாகிவிட்டது. கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? தூக்கி எறியவில்லை. பலகையில் துளை போட்டு, கீழே கொயில் பூட்டி, பழைய மெசினுக்குப் புதிதாகக் கை வைத்தார்கள். வடிவமைத்தவர் கனவிலும் நினைக்காத இடத்தில் பிளிப்பரோடு இருக்கும் 1947ஆம் ஆண்டு மெசின்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உண்டு.

இப்போது இது தெளிவாகவே திறமையின் விளையாட்டு. ஆனாலும் நியூயோர்க் தடை 34 வருடம் நீடித்தது. லொஸ் ஏஞ்சல்ஸிலும் தடை. மெசின் செய்த சிக்காகோவிலேயே அதை விளையாடத் தடை. 1976இல் நியூயோர்க் நகரசபைக் குழுவின் முன் றோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் விளையாடிக் காட்ட அழைக்கப்பட்டார். கொண்டுவந்த முதல் மெசினில் ஏதும் சூழ்ச்சி இருக்குமோ என்று ஒரு உறுப்பினர் சந்தேகப்பட, பக்கத்தில் மாற்றாக வைத்திருந்த மெசினில் விளையாடச் சொன்னார்கள். தண்டை இழுக்க முதல், பந்து நடு வழியால் போகும் என்று ஷார்ப் சொன்னார். போனது. தடை நீங்கியது. பிளிப்பரைத் தொடாமல், ரெட்கிரேவ் 1871இல் பூட்டிய அதே சுருள்வில் தண்டால் வென்ற வழக்கு அது.

கடைசிக் கம்பனி

பிறகு கொம்பியூட்டர் சிப் மெசினுக்குள் வந்தது, வீடியோ கேம் பக்கத்தில் வந்து நின்றது. 1992இல் 'அடம்ஸ் ஃபமிலி' 20,270 மெசின்கள் விற்றது. அது உச்சம். அடுத்த சில வருடத்தில் எல்லாம் சரிந்தது. 1996இல் கொட்லீப் மூடியது. 1999 ஒக்ரோபரில் வில்லியம்ஸ் பின்போல் செய்வதை நிறுத்தியது. ஸ்டேர்ன் என்ற ஒரேயொரு பெரிய கம்பனி மிஞ்சியது.

1942இல் அரசு செய்ததை இம்முறை சந்தை செய்தது: புது மெசின் அருமையாகிவிட்டது. மூடிய விளையாட்டுக் கூடங்களின் மெசின்கள் வீட்டு நிலவறைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் போயின. அவற்றைத் திருத்தக் கற்றுக்கொண்டவர்களில் சிலர், திருத்துகிறதோடு நிற்கவில்லை. விளையாட்டுச் சாதனங்களைப் பிரித்து மாற்றுவதில் பெயர்பெற்ற பென் ஹெக்கென்டோர்ன், நடிகர் பில் பக்ஸ்டனைக் கருப்பொருளாக வைத்துச் சொந்தமாக ஒரு மெசின் செய்தார். பிறகு அவர் வடிவமைத்த 'அமெரிக்காஸ் மோஸ்ட் ஹோன்டட்' மெசினை விஸ்கொன்சின் மாநிலத்தின் 'ஸ்பூக்கி பின்போல்' என்ற சின்னக் கம்பனி செய்து விற்றது. ஸ்கொட் டனேசி என்பவர் தனியாகத் தொடங்கி, இசையும் தானே அமைத்த 'டோட்டல் நியூக்ளியர் அனைஹிலேஷன்' 2017இல் அதே கம்பனியால் வெளியானது. வீட்டுத் திட்டம் கடை மெசினானது.

திட்டம் பட்டியலில் தொடங்கும்

சரி, பழைய சாமானிலிருந்து மெசின் செய்கிறவர் எப்படித் திட்டம் போடுவார்?

கம்பனி வடிவமைப்பாளர் முதலில் யோசிப்பார், பிறகு பாகம் செய்விப்பார். வீட்டில் செய்கிறவருக்கு இது தலைகீழ். முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேணும். ஒரு மெசினிலிருந்து இரண்டு பிளிப்பர், இன்னொன்றிலிருந்து மூன்று பம்பர், எங்கேயோ கிடைத்த ஒரு வளைந்த பிளாஸ்டிக் ஏற்றப்பாதை. விளையாட்டு இந்தப் பட்டியலுக்குள்ளிருந்துதான் வரவேணும்.

ஏற்றப்பாதையை எடுத்துக்கொள்வம். அதை வளைக்கவோ சுருக்கவோ முடியாது. அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தக் கோணத்துக்கு நேரே பிளிப்பரின் அடி போகவேணும். ஆக, ஏற்றப்பாதையை வைத்தவுடன் பலகையின் பாதி தானாகவே தீர்மானமாகிவிடும். மிச்சப் பாதியில்தான் உங்கள் கற்பனைக்கு இடம்.

பலகையின் வழமையான அளவு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் அகலம், 107 சென்ரிமீற்றர் நீளம். அரை அங்குலத் தடிப்புள்ள பிளைவூட். பந்து 27 மில்லிமீற்றர் விட்டம், ஏறத்தாழ 80 கிராம். பழைய மின்பொறி மெசின்களில் சரிவு 3.5 பாகை, இன்றையவற்றில் 6.5. சின்ன வித்தியாசம்தான், ஆனால் விளையாட்டு வேறு. மெதுவான சரிவுக்குச் செய்த பழைய கொயிலை அதிகச் சரிவில் பூட்டினால் பந்து மேலே போய்ச் சேராது. பழைய பாகம் தன் காலத்தின் வேகத்தையும் கூடவே கொண்டுவரும்.

முதலில் மட்டை அட்டையில் வெட்டிப் பார்ப்பார்கள். பிறகு நிறமே பூசாத பலகையில் துளைத்து, பாகங்களைப் பூட்டி, நாட்கணக்காக விளையாடுவார்கள். இந்தத் தொழிலில் இதற்கு 'வைட்வூட்' என்று பெயர். பந்து எங்கே சிக்குது, எந்த அடி லேசு, எங்கே நடுவால் நேராக விழுந்து சாகுது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். படம் வரைவது கடைசி.

அடுத்தது மின்சாரம். பிளிப்பர் கொயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று கையைப் பலமாக மேலே அடிப்பதற்கு. மற்றது மேலே போன கையைப் பிடித்து வைத்திருப்பதற்கு. கை உச்சத்தை அடைந்ததும் ஒரு சுவிட்ச் திறந்து, ஓட்டம் பலவீனமான சுற்றுக்கு மாறும். அந்தச் சின்னச் சுவிட்ச் பழுதானால் பட்டனை அழுத்திக்கொண்டு நின்ற சில வினாடிகளிலேயே கொயில் எரியத் தொடங்கும். பழைய கொயில் வாங்குகிறவர் அதன் உறையில் கருகல் இருக்கா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

இன்றைய மெசினில் இந்தக் கொயில்களுக்கு 50 வோல்ட் அளவில் நேரோட்ட மின் போகும். சுவரிலிருந்து வருவது அதைவிடப் பயங்கரம். அமெரிக்க மெசினின் மின்மாற்றி 120 வோல்ட்டுக்குச் செய்தது. எங்களுடைய 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் புகைதான் மிஞ்சும். மின்னை நிறுத்திய பிறகும் பெரிய கொள்ளளவிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். இந்த இடத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம், தெரிந்தவர் வேணும்.

மூளைக்குப் பழையது தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளும் கட்டுப்பாட்டுப் பலகைகளும் இப்போது இருக்கின்றன. 'மிஷன் பின்போல் ஃபிரேம்வேர்க்' அவற்றில் ஒன்று. ஆனால் வயர் போடும் முறை 1970களிலிருந்து வந்தது. எட்டு வயர் குறுக்கே, எட்டு நெடுக்கே. அவை சந்திக்கும் 64 இடங்களில் 64 சுவிட்ச். பதினாறே வயரில் பலகை முழுவதையும் கேட்கிற வித்தை.

எதை உடைக்கலாம்?

இந்த வேலையில் எங்களை யோசிக்க வைத்த கேள்வி தொழில்நுட்பம் அல்ல. பாகம் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒரு முழு மெசினைக் கழற்றியதால்தானே வருகிறது. கழற்றி விற்றால் முழு மெசினைவிடக் கூடக் காசு கிடைக்கலாம். ஆகவே திருத்தக்கூடியதையும் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்கறையுள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு எழுதாத விதி வைத்திருக்கிறார்கள்: வெள்ளத்தில் ஊறியது, தீப்பிடித்தது, பலகை உக்கிப்போனது, இவற்றைக் கழற்று, உயிர் இருக்கிறதைத் தொடாதே.

உயிர் இருக்கா இல்லையா என்று தீர்மானிப்பது யார் என்பதுதான் சிக்கல். 1942இல் லா கார்டியாவும் தான் குப்பையைத்தான் உடைப்பதாக நம்பினார். பழைய பலகையைத் தூக்கி எறிந்த சிக்காகோத் தொழிலாளிக்கும் அது அலுத்துப்போன விளையாட்டு மட்டும்தான். ஒரு பொருளைப் பழசு, குப்பை, அற்பம் என்று பெயரிடுவது அதை உடைப்பதன் முதல் படி. இந்த விளையாட்டின் ஆதிப்பெயரே அற்பச் சாமான் என்று பொருள்படுவதை மறக்க வேண்டாம்.

நல்ல வீட்டுத் திட்டக்காரர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் நேரே அது எந்த மெசினிலிருந்து, எந்த ஆண்டிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பார்கள். திருத்த வசதிக்காக எழுதுவதுதான். எந்தக் கொயிலுக்கு எது மாற்று என்று பிறகு தேட வேணுமே. ஆனால் அந்தத் தாளை வாசித்தால், மூடிப்போன கம்பனிகளும் நின்றுபோன மெசின்களும் வரிசையாக வரும். சிக்காகோவில் பழைய பெட்டிக்குப் புதுப்படம் ஒட்டியவர்கள் அப்படியொரு தாள் எழுதி வைத்திருந்தால், தொலைந்த எத்தனை பலகைகளின் பெயராவது எங்களுக்குத் தெரிந்திருக்கும். பழையதிலிருந்து எதையாவது செய்யப் புறப்படுகிறவர் முதலில் எடுக்கவேண்டிய கருவி திருகாணிமுடுக்கி அல்ல, பேனை.